மாடி போர்ஷன் – 14: ஆஷாடம் முடிந்து ஆடி

இன்னும் பத்தொன்பது மணி நேரம்.

நாளைக் காலை ஆறு மணிக்குச் சாமான் ஏற்ற பசவராஜின் டெம்போ வாசலில் வந்து நிற்கும். ஏழரைக்கு ராகு காலம். அதற்குள் மாடி போர்ஷன் காலியாகி, சாவி தன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் வைத்யநாதன் சொல்லிவிட்டார். இன்று ஆடி மாதத்தின் கடைசி நாள். ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி.

ஸ்மிதா வெளிப்பக்கத்து மாடிப்படியில் நான்காவது படியில் உட்கார்ந்திருந்தாள். காதில் ஹெட்ஃபோன், மடியில் கேள்வித்தாள். அக்ரஹாரத்து வீட்டில் அவளுக்குக் கிடைத்த ஆபீஸ் அதுதான்.

அவள் புருஷன் குருபிரசாத் பெங்களூரில் நடத்திய ஜிம் மார்ச் ஊரடங்கில் பூட்டப்பட்டது. மே மாதம் புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு பெட்டிகளோடு மைசூருக்கு வந்து சேர்ந்தார்கள். கீழ்வீட்டில் இருந்தது ஒரே ஒரு படுக்கையறை. அது மாமனார் மாமியாருக்கு. இவர்கள் ஹாலில் பாய் விரித்தார்கள். ஸ்மிதா மூன்று மாதமாகத் தாழ்ப்பாள் உள்ள அறையில் தூங்கவில்லை. உடை மாற்றுவதும் அழுவதும் குளியலறையில்தான்.

மாடி காலியானால் அது உங்களுக்கு என்று மாமனார் வைத்யநாதன் ஜூனில் சொன்னார். அன்று முதல் அவள் நாள் எண்ண ஆரம்பித்தாள். இன்று ஐம்பத்தாறாவது நாள்.

மாடியில் இருப்பவர்கள் சேகரன், அவன் மனைவி ஆண்டாள், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ஜீவிதா. சேகரன் டூரிஸ்ட் கார் ஓட்டியவன். டூரிஸ்ட் வருவது நின்றதும் வாடகையும் நின்றது. இப்போது குண்டலுபேட்டையிலிருந்து யாருக்கோ காய்கறி வண்டி ஓட்டுகிறான்.

கூலித் தொழிலாளர்களையும் மாணவர்களையும் வீட்டுக்காரர்கள் வெளியேற்றக் கூடாது என்று ஊரடங்கு தொடங்கியபோது ஓர் உத்தரவு வந்திருந்தது. ஜூனில் காலி செய்யச் சொன்னதும் சேகரன் அதை ஃபோனில் எடுத்துக்கொண்டு வந்து காட்டினான். வைத்யநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தார். நீ கூலியா, ஸ்டூடன்டா என்று கேட்டார். இது மார்ச் மாதத்துக் காகிதம், இப்போது ஜூன் என்றும் சொன்னார். எதிர்வீட்டு லிங்கம்மாவும் அவர் பக்கம்தான். சர்க்கார் வந்து நம் வீட்டு வரியைக் கட்டுமா என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்.

அடுத்த நாள் ஆண்டாள் கீழே வந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். நாளைக்கு ஆஷாடம் பிறக்கிறது.

அவ்வளவுதான். கன்னடக்காரர்களுக்கு அது ஆடி மாதிரி; அமாவாசையை ஒட்டித் தொடங்கும் அந்த மாதத்தில் மைசூரில் யாரும் வீடு மாறுவதில்லை. முதல் நாள் சர்க்காரைத் திட்டிய லிங்கம்மா, ஆஷாடத்தில் ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தினால் தெருவுக்கே ஆகாது என்றாள். பால்காரர் அதையே சொன்னார். கோவில் அர்ச்சகரும் சொன்னார். உத்தரவுக்குக் கிடைக்காத ஆதரவு அமாவாசைக் கணக்குக்குக் கிடைத்தது. வைத்யநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்.

ஆஷாடம் ஜூலை இருபதாம் தேதி முடிந்தது. ஆனால் தமிழ் மாதம் சூரியனைப் பார்த்து நடப்பது. பதினாறாம் தேதியே ஆடி பிறந்துவிட்டது. நடுவில் ஒரு நாள்கூட இடைவெளி கிடைக்கவில்லை. ஆடியில் வீடு மாறச் சொல்ல வைத்யநாதனுக்கே வாய் வரவில்லை.

ஆண்டாள் பவானிக்காரி. அந்தப் பக்கத்தில் ஆடி உண்டு, ஆஷாடம் ஏது? அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? இந்தக் கேள்விக்கு வீட்டில் எல்லோருக்கும் ஒரே பதில்தான். ஸ்மிதா நஞ்சன்கூட்டுக் கன்னடப் பெண்.

மாடி காலியாக வேண்டும் என்று அந்த வீட்டில் அவளைவிட அதிகம் விரும்பியவர் யாரும் இல்லை. அவள் அதைச் சொன்னாள். யாரும் நம்பவில்லை.

ஃபோன் மணி போய், ஹாஸனில் யாரோ எடுத்தார்கள். ஓய்வு பெற்ற வாத்தியாராம். ஸ்மிதா பெங்களூரிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனத்துக்காகத் தொலைபேசியில் கருத்துக் கேட்கும் வேலை பார்த்தாள். ஒரு நாளைக்குப் பதினைந்து பேர். ஞாயிறும் உண்டு. தலைப்பு, பெருந்தொற்றும் குடியிருப்பும்.

ஏழாவது கேள்வியைக் கன்னடத்தில் நிதானமாகப் படித்தாள். நோய்க் காலத்தில் வாடகை தர முடியாதவர்களை வீட்டை விட்டு வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டத்தை நீங்கள் ஆதரிக்கிறீர்களா? ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள்.

வாத்தியார் ஐந்து என்றார். மனிதாபிமானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா என்றும் சேர்த்துக்கொண்டார்.

எட்டாவது கேள்வி. உங்கள் சொந்த வீட்டில் இருக்கும் வாடகைக்காரரை ஆறு மாதம் அப்படி இருக்க விடுவீர்களா?

 வாத்தியார், உன் வீட்டு மாடியில் இருந்தால் நீ விடுவாயா அம்மா என்று கேட்டார். கேட்பவர்கள் தங்கள் கருத்தைச் சொல்லக் கூடாது, கேள்வியை மறுபடி படிக்க வேண்டும் என்பது விதி. அவள் மறுபடி படித்தாள். அவர் வைத்துவிட்டார். எட்டாவது கேள்வியில் ஃபோனை வைத்தவர்கள் இன்று இவரோடு மூன்று பேர்.

நிமிர்ந்தபோது கீழ்ப்படியில் ஆண்டாள் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு வாளி. மாடிக்குப் போகும் தண்ணீர்க் குழாயின் வால்வு மூன்று நாளாக மூடியிருந்தது. ரிப்பேர் என்றார் வைத்யநாதன். ரிப்பேர் செய்ய யாரும் வரவில்லை.

"அந்த ஏழாம் கேள்விய என்கிட்ட ஒருக்கா கேளுங்க மேடம்" என்றாள் ஆண்டாள். ஜூன் வரை அக்கா என்று கூப்பிட்டவள்.

"லிஸ்ட்ல இருக்கற நம்பருக்கு மட்டும்தான் கேக்கணும்."

"எங்க நம்பரெல்லாம் எந்த லிஸ்ட்லயும் வராதுங்க. கால மடக்குங்க, தண்ணி கனக்குது."

ஸ்மிதா காலை மடக்கினாள். வாளியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் கேள்வித்தாளில் தெறித்தது. தெரியாமல் தெறித்ததாகத் தோன்றவில்லை.

மாமியார் ராஜலக்ஷ்மி கேட் அருகே செம்பருத்தி பறித்துக்கொண்டிருந்தாள். அறுபத்திரண்டு வயது. எதிர்வீட்டு ஜன்னலுக்கும் எட்டும் குரல்.

"படியிலே சிந்தாதேடி. வழுக்கி விழுந்தா யார் பார்க்கறது? நாளையோட இந்தப் படியே உனக்கு இல்லை."

ஆண்டாள் திரும்பிப் பார்த்தாள். பதில் சொல்லாமல் மேலே போனாள். வைத்யநாதனுக்கு அவள் பதில் சொல்வாள். குருவுக்குச் சொல்வாள். ஸ்மிதாவுக்கு இரண்டு பதில் சொல்வாள். மாமிக்கு மட்டும் சொன்னதே இல்லை. வயசுக்குக் கொடுக்கும் மரியாதை என்று ஸ்மிதா இதுவரை நினைத்திருந்தாள்.

மதியச் சாப்பாட்டில் வைத்யநாதன் நல்ல மனநிலையில் இருந்தார். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று சொல்வதில் அவருக்கு ஒரு சுகம். டெம்போ ஆறுக்கு, சாமான் ஏற்றி முடிப்பது ஏழுக்கு, பூட்டு ஏழு பத்துக்கு என்று வரிசையாகச் சொன்னார். பிறகு ஸ்மிதா பக்கம் திரும்பினார்.

"உங்க ஊர் ஆஷாடமும் போச்சு, எங்க ஊர் ஆடியும் போறது. இனிமே யார் ஊர்லேர்ந்து என்ன மாசம் கொண்டுவரப் போறே?"

"நான் எதையும் கொண்டுவரலே மாவா."

"பின்னே பவானியிலே யாருக்கு ஆஷாடம் தெரியும்? இங்கேர்ந்து ஓடற காவேரி போய்ச் சொல்லித்தா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ராஜலக்ஷ்மி அவர் இலையில் மோர் விட்டாள். அவள் முகம் எப்போதும் போல் இருந்தது.

ஸ்மிதா குருவைப் பார்த்தாள். அவன் ரசத்தையும் சாதத்தையும் ஒன்றாகி மறையும்வரை பிசைந்துகொண்டிருந்தான். மாடிக்குப் பெயின்ட் அடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாள். பார்க்கலாம் என்றான். சாயங்காலம் ரூமை அளக்கக் கூட வருகிறாயா என்று கேட்டாள். இப்போது என்ன அவசரம் என்றான். ஜூனிலிருந்து இதே பதில்தான். அந்த மாதம் அப்பாவும் பிள்ளையும் பேங்க் வேலை என்று ஒரு நாள் முழுக்க வெளியே போய் வந்தார்கள். அதற்குப் பிறகு அவன் ஒரு தடவைகூட மாடியை நிமிர்ந்து பார்த்து அவள் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கும், ஒரு குடும்பத்தை அனுப்பிவிட்டுப் போகிறோமே என்று இருக்கும் என அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஜூலையில் சேகரன் ஒரு மாத வாடகையோடு வந்தபோது மாமனார் அதைத் தொடவே இல்லை. வாடகை வேண்டாம், வீடு வேண்டும் என்றார். அதுவும் தங்களுக்காகத்தான் என்று அவள் நம்பினாள்.

மூன்று மணிக்கு இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு தனியாக மேலே போனாள்.

கதவு திறந்திருந்தது. முன்னறையில் நான்கு அட்டைப்பெட்டிகள். நாளை காலி செய்கிறவர்கள் வீட்டில் நான்குதானா என்று தோன்றியது. சமையல் பாத்திரங்கள் அலமாரியிலேயே இருந்தன. ஜீவிதா தரையில் குப்புறப் படுத்து அம்மாவின் ஃபோனில் பள்ளிக்கூடப் பாடம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆண்டாள் அவள் கையில் இருந்த டேப்பைப் பார்த்தாள்.

"உசுரு இருக்கறப்பவே அளக்க வந்துட்டீங்க. வாங்க, கட்டில நகத்தித் தாரேன். ஓரத்தையும் விடாம அளந்துக்குங்க."

ஸ்மிதாவுக்குக் காது சூடானது. ஆனாலும் அளந்தாள். டேப்பின் மறுமுனையை ஆண்டாளே பிடித்துக்கொண்டாள். பத்துக்குப் பன்னிரண்டு. ஜன்னல் நாலடி. கதவில் உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. ஸ்மிதா அதை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

திரும்பும்போதுதான் கதவுக்குப் பின்னால் தொங்கிய காலண்டர் கண்ணில் பட்டது.

கன்னடக் காலண்டர். மேலே நஞ்சன்கூடு கோவில் படம், கீழே பாத்திரக்கடையின் பெயர். அவள் அப்பாவின் கடை. புது வருஷத்துக்கு அவர் கொடுத்தனுப்பியது. இந்த வீட்டில் தமிழ்க் காலண்டர் ஒன்று போதும் என்று மாமியார் அதைச் சுருட்டிப் பரணில் போட்டதை ஸ்மிதா பொங்கலுக்கு வந்தபோது கண்ணால் பார்த்திருந்தாள்.

"இது எப்படி இங்க வந்துது?"

"தெரியாதுங்களா?"

"நான் கொடுக்கலே."

"நீங்க கொடுத்தீங்கன்னு நான் எப்பச் சொன்னேன்? கொடுத்தவங்க பேரச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கறேன். அதுக்கு மேல கேக்காதீங்க."

கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஸ்மிதா தாள்களைப் புரட்டினாள். ஜூன் இருபத்திரண்டைச் சுற்றிப் பென்சிலில் ஒரு சின்ன முக்கோணம். ஜூலை இருபதில் ஒன்று. உலகத்தில் எல்லோரும் தேதியைச் சுற்றி வட்டம் போடுவார்கள். கீழ்வீட்டுக் காலண்டரில் கேஸ் சிலிண்டர் வந்த நாள், பால் வராத நாள், மாமனாரின் பிரஷர் மாத்திரை தீரும் நாள் எல்லாவற்றிலும் முக்கோணம்தான். கல்யாணமான புதிதில் அதைப் பற்றிக் கேட்டபோது ராஜலக்ஷ்மி பெருமையோடு சொல்லியிருந்தாள். புருஷனுக்கு எந்த ராத்திரி நைட் டியூட்டி என்று குறித்து வைத்த பழக்கம், முப்பத்திநாலு வருஷம், விடவில்லை.

செப்டம்பர் தாளிலும் ஒன்று இருந்தது. மஹாளய பட்சம் தொடங்கும் நாள். பித்ருக்கள் வரும் அந்தப் பதினைந்து நாளிலும் யாரும் வீடு மாற மாட்டார்கள். அதற்கு அடுத்து அதிக மாசம். அக்டோபரிலும் முக்கோணம்.

ஆஷாடம், ஆடி, மஹாளயம், அதிக மாசம். ஒரு ரயில் பெட்டியோடு அடுத்த பெட்டியைக் கொக்கி போட்டு மாட்டியது போல.

"ஆடிக்கும் மஹாளயத்துக்கும் நடுவுல ரெண்டு வாரம்தான் ஓட்டை" என்றாள் ஆண்டாள் மெதுவாக. "அதுக்கும் இன்னைக்குச் சாயங்காலம் வழி சொல்றேன்னாங்க. அதான் பாத்திரத்தக் கட்டல."

"வாசல்ல நின்னு அவ்வளவு திட்டறாங்களே உங்கள."

"திட்டுனாத்தான யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

ஸ்மிதா காலண்டரை ஆணியிலிருந்து எடுத்தாள். ஐம்பத்தாறு நாள் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும் தனக்கு எந்தப் பழியைப் பரிமாறினார்கள் என்று அவளுக்குத் தெரியும். பரிமாறிய கைக்கு உண்மை தெரிந்திருந்தது.

ஆண்டாள் கதவுக்கு நேரே வந்து நின்றாள். கெஞ்சவில்லை.

"இத நீங்க கீழ கொண்டு போனா உங்க பழி போகும். எங்க வீடு போகும். எம்புள்ளய எங்க கூட்டிட்டுப் போறதுன்னு எனக்கு இந்த நிமிசம் வரைக்கும் தெரியாது. எந்தத் தெருவுலயும் இப்பப் புது ஆளுக்கு வீடு தரமாட்டேங்கறாங்க. ரெண்டையும் ஒருக்கா அளந்து பார்த்துட்டுக் கொண்டு போங்க."

ஜீவிதா ஃபோனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

ஸ்மிதா ஒரு நிமிஷம் நின்றாள். ஏழாவது கேள்வி மனதில் வந்தது. எட்டாவதும் வந்தது. தாழ்ப்பாளைப் பார்த்தாள். பிறகு காலண்டரைச் சுருட்டிக்கொண்டு ஆண்டாளைத் தாண்டிக் கீழே இறங்கினாள்.

குரு வெளியே போயிருந்தான். அவன் வரட்டும் என்று காத்திருந்தாள். எல்லோரும் இருக்கும்போது சொல்ல வேண்டும்.

ஆறு மணிக்கு விளக்கேற்றியானது. வைத்யநாதன் சாய்வு நாற்காலியில் இருந்தார். ராஜலக்ஷ்மி முறத்தில் பீன்ஸ் நாரெடுத்துக்கொண்டிருந்தாள். குரு அப்போதுதான் வந்து முகக்கவசத்தைக் கழற்றினான். ஸ்மிதா காலண்டரைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, பறக்காமல் இருக்க இஞ்ச் டேப்பை மேலே வைத்தாள். மாடியில் கதவுக்குப் பின்னால் தொங்கியது என்று மட்டும் சொன்னாள்.

வைத்யநாதன் எழுந்து வந்து கடைப் பெயரைப் படித்தார்.

"உங்கப்பா கடை. இதுக்கு மேலே என்ன சாட்சி வேணும்? ஐம்பத்தாறு நாளா நான் என்ன சொல்லிண்டிருக்கேன்?"

"கடை எங்கப்பாதுதான் மாவா. முக்கோணம் யாரது?"

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். விரலை ஜூன் இருபத்திரண்டின் மேல் வைத்தார். ஜூலைக்குப் போனார். செப்டம்பருக்குப் போனார். அரசிகெரேயிலும் பிரூரிலும் சாமராஜநகரிலும் எத்தனை வீட்டுச் சுவர்களில் அந்த முக்கோணத்தைப் பார்த்துவிட்டு டார்ச்சும் டிபன் பெட்டியுமாகக் கிளம்பியிருப்பார். விரல் அங்கேயே நின்றது.

"ராஜி."

பீன்ஸ் நார் ஒன்று முழு நீளத்துக்கு உரிந்து வந்தது. ராஜலக்ஷ்மி அதை ஓரமாகப் போட்டாள்.

"ஆமாம். நான்தான்."

ஏன் என்று அவர் கேட்டார். தப்பான சிக்னல் கொடுத்த ஆளை ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் நிற்க வைத்துக் கேட்கிற குரல். ராஜலக்ஷ்மி அவரை விட்டுத் திரும்பினாள். பிள்ளையைப் பார்த்தாள்.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"அம்மா, வேண்டாம்" என்றான் குரு.

ஸ்மிதா அவன் பக்கம் திரும்பினாள். அவனுக்கு ஆச்சரியமே இல்லை. அவன் அப்பாவையும் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. மேஜையில் இருந்த இஞ்ச் டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாசலில் நிழல் ஆடியது. ஆண்டாள் காலண்டருக்காகவோ எதற்காகவோ இறங்கி வந்து நிலைப்படிக்கு வெளியே நின்றிருந்தாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை.

ராஜலக்ஷ்மி முறத்தை நகர்த்திவிட்டு ஸ்மிதாவிடம் பேசினாள். வாசலில் பேசும் குரல் இல்லை.

"மாடி ரூமை அளந்தியே, எத்தனை?"

"பத்துக்குப் பன்னெண்டு" என்றாள் ஸ்மிதா. ஏன் பதில் சொன்னோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"கர்ட்டன் தைக்காதே."

"ராஜி, போதும் நிறுத்து" என்றார் வைத்யநாதன்.

"உன் பேர்ல பழி விழறதை நான் பார்த்துண்டுதான் இருந்தேன். பாவம்னு தோணலை. இன்னும் ரெண்டு வாரம், மஹாளயம் பிறக்கற வரைக்கும், சுமந்திருக்கப்படாதான்னுதான் இப்பவும் தோண்றது. சுமந்திருந்தா உனக்கும் இந்த ஹாலாவது மிஞ்சியிருக்கும்."

"என்ன சொல்றீங்க அத்தே?"

"மேலே ஆள் இருக்கற வரைக்கும் ரிஜிஸ்டர் ஆகாது. காலி பண்ணித் தரணும்னு எழுதியிருக்கு. மேலே மட்டும் இல்லை, கீழேயும்." ராஜலக்ஷ்மி வாசலில் நின்ற ஆண்டாளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "ஜூன்ல பேங்குக்குன்னு ரெண்டு பேரும் கிளம்பிப் போனாளே, அன்னிக்கே அக்ரிமென்ட் போட்டு இந்த வீட்டை வித்தாச்சு. சாட்சிக் கையெழுத்து உன் ஆம்படையானோடது."